கடிதத்தின் வழியும் உப்பின் வழியும்

புத்தளத்துக்குப் புகையிரதப் பாதை 1926 இல்தான் வந்து சேர்ந்தது. அதற்கு முன்னர் இக்கரையோரத்து உப்பும் தென்னைப் பொருட்களும் தெற்கே செல்வதற்குப் பெரிதும் உதவியது நீர்வழியே. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் வெட்டப்பட்ட கால்வாய்கள் புத்தளம், முந்தல், சிலாபம், நீர்கொழும்புக் களப்புகளைத் தொடுத்துப் படகுகளைக் கொழும்புவரை கொண்டு சென்றன. கடிதங்களோ தபால் ஓட்டக்காரரின் பையில் தரைவழியே சென்றன. இலேசானதற்கு ஒரு வழி, பாரமானதற்கு இன்னொரு வழி என்பது அக்கால மக்கள் நன்கறிந்த உண்மை.

மின்னஞ்சலின் வரலாறு இவ்வுண்மையைக் காலந்தாழ்த்திக் கற்றுக்கொண்ட வரலாறு எனலாம். 1971 இல் அமெரிக்கரான றே ரொம்லின்சன் கணினி வலையமைப்பில் முதல் மடலை அனுப்பினார். 1982 இல் ஜோன் பொஸ்ரல் வகுத்த அஞ்சல் விதிகள் எழுத்துக்களை மட்டுமே, அதுவும் ஆங்கில எழுத்துக்களையே மனங்கொண்டவை. தமிழுக்கே இடமில்லாத அப்பையில் படத்துக்கும் பாட்டுக்கும் இடமேது?

அவ்விடத்தை உண்டாக்கியவர் நதானியேல் போரென்ஸ்ரைன். 1992 மார்ச் 11 அன்று, தாம் சேர்ந்து பாடிய நால்வர் குழுவின் படத்தையும் பாட்டையும் மின்னஞ்சலோடு இணைத்து அவர் அனுப்பினார். அவரும் நெட் பிரீட் என்பவரும் வகுத்த 'மைம்' முறை, எக்கோப்பையும் எழுத்துக்களாக மாற்றி மடலுக்குள் வைக்கின்றது. ஆனால் இம்மாற்றத்தில் மூன்று பைற்றுகள் நான்கு எழுத்துக்களாகி விடுகின்றன. சுமை மூன்றிலொரு பங்கு கூடுகின்றது. ஜிமெயில் 25 மெகாபைற் என வரையறுத்தாலும் உண்மையில் ஏறக்குறைய 18 மெகாபைற் கோப்பே அதனுள் அடங்குவது இதனாலேயே. நூறு பேருக்கு அனுப்பினால் நூறு அஞ்சற்பெட்டிகளிலும் அதே சுமை போய்க் குந்தும். ஆகவே எல்லை வகுத்தல் அஞ்சல் நடத்துவோருக்குத் தவிர்க்கமுடியாததாயிற்று.

இனி நமது கரைக்கு வருவோம். உடப்பு திரௌபதை அம்மன் ஆலயத் தீமிதிப்பையும், கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடலையும் இன்று கைத்தொலைபேசியிலேயே பதிவு செய்யலாம். தெளிவான ஒரு நிமிட வீடியோ 60 முதல் 130 மெகாபைற் வரை வரும். பிறநாட்டிலுள்ள உறவினருக்கு அதனை மின்னஞ்சலில் இணைக்க முற்படுவது தபால் ஓட்டக்காரரின் பையில் உப்பு மூட்டையைத் திணிப்பதற்கு ஒப்பாகும். வட்ஸ்அப்பில் வழமையான முறையில் அனுப்பினால் அது வீடியோவை நெருக்கிச் சுருக்குகின்றது. அலையோசைக்கு நடுவே எழும் அம்பாவின் பின்குரல்கள் மங்கிவிடுகின்றன. 2022 முதல் அதே செயலியில் கோப்பாக இணைத்தால் 2 கிகாபைற் வரை அனுப்பலாம் என்பது பலர் அறியாதது.

மற்றைய வழி, பொருளைக் களஞ்சியத்தில் வைத்துச் சிட்டையை மட்டும் அனுப்புவது. 2005 இல் தோன்றிய யூரியூப், 2009 இல் தோன்றிய வீட்ரான்ஸ்பர், கூகிள் டிரைவ் ஆகியன அத்தகைய களஞ்சியங்களே. மடலிற் செல்வது முகவரி மாத்திரம்.

இங்கேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். களஞ்சியம் நம்முடையதன்று. வீட்ரான்ஸ்பரில் இட்டவை சில நாட்களில் தாமே அழிந்துவிடும். சிட்டை கையிலிருக்கும், மூட்டை இராது. அனுப்புதல் வேறு, பேணுதல் வேறு.

கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி (1807-1860) தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் திரட்டி 1859 இல் 'தமிழ் புளூட்டாக்' என்னும் ஆங்கில நூலாக அச்சேற்றினார். பல பிரதிகளாய்ப் பல கைகளிற் பரவியமையால் அந்நூல் இன்றும் நம்மிடம் உள்ளது. கரைவலை இழுப்பு அருகிவரும் இந்நாளில், அம்பா பாடும் முதியோரின் குரலுக்கும் அந்த நெறியே பொருந்தும். உறவினருக்குச் சிட்டையை அனுப்புங்கள். ஆனால் சுருக்கப்படாத மூலப்பதிவின் ஒரு பிரதி வீட்டிலும், இன்னொன்று ஊர்ப் பாடசாலையிலோ வாசிகசாலையிலோ, மற்றொன்று 2005 முதல் ஈழத்து ஆவணங்களை இணையத்திற் பேணிவரும் நூலக நிறுவனம் போன்ற ஓரிடத்திலும் இருக்கட்டும்.