வேட்டைக்காரரின் பெயரில் நிற்கும் வெண்கல வாயில்

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் உள்ள பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவுக்கு ஃபோர்டாம் சாலை வழியாகச் செல்வோரை முதலில் வரவேற்பவை வெண்கல விலங்குகள். மரக்கிளைகளும் இலைகளும் பின்னிப் பிணைந்ததுபோல் அமைக்கப்பட்ட 'ரெய்னி நினைவு வாயில்' மீது கரடி, மான், சிறுத்தை, பபூன் குரங்கு, ஆந்தை, ஆமை எனப் பல உயிரினங்கள் இடம்பெற்றுள்ளன. நடுவே உச்சியில் அமர்ந்திருக்கும் சிங்கத்துக்கு மாதிரியாக இருந்தது, அப்பூங்காவிலேயே வளர்ந்த சுல்தான் என்ற சிங்கம்.

இவ்வாயில் யாருடைய நினைவைப் போற்றுகிறதோ அவர், சிங்கங்களை வேட்டையாடிப் புகழ்பெற்றவர் என்பதுதான் விந்தை.

நிலக்கரித் தொழிலில் பெரும் பொருள் ஈட்டிய கிளீவ்லாந்து குடும்பத்தில் 1877-ஆம் ஆண்டு பிறந்தவர் பால் ரெய்னி. கிழக்கு ஆப்பிரிக்காவில் வேட்டை நாய்களைக் கொண்டு சிங்கங்களைத் துரத்தி வேட்டையாடினார். ஆர்க்டிக் பகுதியில் 1910-இல் அவர் உயிருடன் பிடித்த 'சில்வர் கிங்' என்ற பனிக்கரடி, இதே பிராங்க்ஸ் பூங்காவுக்கு வந்து சேர்ந்தது. அவரது ஆப்பிரிக்க வேட்டைப் பயணத்தைக் காட்டும் மௌனப்படம் 1912-இல் வெளியாகிப் பெரும் வரவேற்பைப் பெற்றது. துப்பாக்கிக்கு இரையான விலங்குகளோடு, நீர்நிலைக்குத் தாகம் தணிக்க வந்த விலங்குகளையும் அப்படம் மக்களுக்குக் காட்டியது.

ஆப்பிரிக்காவுக்குச் சென்றுகொண்டிருந்த கப்பலில் 1923-இல் ரெய்னி காலமானார். உடல் கடலிலேயே அடக்கம் செய்யப்பட்டதால் அவருக்குக் கல்லறை இல்லை.

அவருடைய சகோதரி கிரேஸ் ரெய்னி ரோஜர்ஸ், லூசியானா மாநிலத்தில் ரெய்னிக்குச் சொந்தமாக இருந்த சதுப்பு நிலத்தைப் பறவைகள் பாதுகாப்புக்கான ஆடுபான் அமைப்பிடம் ஒப்படைத்தார். வேட்டைக்காரரின் நிலம் காட்டுயிர்ச் சரணாலயமானது. பூங்காவுக்கு இந்த வாயிலை வழங்கியவரும் கிரேஸே.

வாயிலை வடிவமைத்தவர் சிற்பி பால் மேன்ஷிப். அதனையொட்டிய கட்டுமானங்கள் கட்டடக் கலைஞர் சார்லஸ் பிளாட்டின் பணி. வார்ப்பு வேலை பெல்ஜியத்தில் நடைபெற்றது. வாயில் திறந்துவைக்கப்பட்ட 1934-ஆம் ஆண்டிலேயே மேன்ஷிப்பின் மற்றொரு படைப்பான பொன்முலாம் பூசிய பிராமிதியஸ் சிலை, ராக்ஃபெல்லர் மையத்தில் நிறுவப்பட்டது. உலகம் அறிந்தது என்னவோ அந்தச் சிலையைத்தான்.

ரெய்னி வாயிலை நியூயார்க் நகரம் 1967-இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. 1972-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டிலும் அது சேர்க்கப்பட்டது.