ஒரு மெழுகுவர்த்தியும் சில ஓட்டைகளும்

பொட்டி தட்டுறவனுக்கு கட்டடத்தைப் பத்தி என்ன தெரியும்னு கேக்காதீங்க மக்களே. சுவத்துல ஓட்டை போட்டு கேபிள் இழுக்கலேன்னா நம்ம பொழப்பே ஓடாது. அந்த ஓட்டைக்கும் ஒரு சரித்திரம் இருக்கு. கொஞ்சம் சோகமான சரித்திரம்.

பெரிய கட்டடங்களில் சில சுவர்களையும் தளங்களையும் இரண்டு மணி நேரம் தீயைத் தாங்குகிற மாதிரி கட்டுவார்கள். ஒரு இடத்துல பிடிச்ச தீ அங்கேயே நிக்கணும், அதுக்குள்ள ஜனங்க இறங்கித் தப்பிக்கணும். நல்ல ஏற்பாடுதான். ஆனா சுவர் காய்றதுக்குள்ள எலக்ட்ரீஷியன் வந்து ஒரு ஓட்டை போடுவார். பிளம்பர் இன்னொண்ணு. ஏசிக்காரர் வந்தா ஆளே நுழையற சைஸ்ல ஒண்ணு. அப்புறம் அது சுவரா, சல்லடையா?

இந்த விஷயத்தில் உலகம் முழிச்சுக்கிட்டது 1975 மார்ச் 22 அன்று. இடம், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையம். கேபிள்கள் சுவரைத் தாண்டும் இடத்தில் காற்று கசியுதான்னு சோதிச்சாங்க. எப்படி? மெழுகுவர்த்தியைக் கொளுத்தி ஓட்டைக்குப் பக்கத்துல பிடிச்சு! சுடர் ஆடினா கசிவு இருக்குன்னு அர்த்தம். ஓட்டையை அடைச்சிருந்ததோ பாலியூரித்தேன் ஃபோம், சுலபமா எரியற சரக்கு. காற்று சுடரை உள்ளே இழுத்தது. சுமார் ஏழு மணி நேரம் எரிந்து, 1,600க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதம். நல்லவேளை, கதிர்வீச்சு வெளியே வரவில்லை.

ஓட்டையை அடைச்சா மட்டும் போதாது, அடைக்கிற பொருளும் தீயைத் தாங்கணும் என்பது அன்று கற்ற பாடம். இந்த அடைப்புகளை நெருப்பில் வைத்துச் சோதிப்பதற்கான அமெரிக்கத் தர விதி, ஏ.எஸ்.டி.எம். ஈ-814, 1981ல் வந்தது.

நம்ம திருச்சிக்காரங்களுக்கு தீ விபத்துன்னா ஞாபகம் வர்றது 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபம்தான். மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அங்கே எரிந்தது கீற்றுப் பந்தல், ஓட்டைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. கீற்றைப் பாத்தா இன்னிக்கு நாமளே பயப்படுவோம். பயமுறுத்தாத ஆபத்து ஒண்ணு பெங்களூர்ல வந்துச்சு.

2010 பிப்ரவரி 23, பழைய ஏர்போர்ட் ரோட்டில் கார்ல்டன் டவர்ஸ். ஏழு மாடி, உள்ளே நம்மள மாதிரி ஆபீஸ் ஆளுங்க. மின் கேபிள்கள் மேலே ஏறும் டக்ட்டில் தீ. எமனாக வந்தது தீயை விட புகைதான். தளத்துக்குத் தளம் அடைக்காத டக்ட், புகைபோக்கி இல்லாம வேறென்ன? 9 பேர் இறந்தார்கள், ஜன்னல் வழியா குதிச்சவங்களும் அதில் உண்டு. அடுத்த வருஷம், 2011 டிசம்பர் 9, கொல்கத்தா ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனை. அடித்தளத்தில் பிடித்த தீயின் புகை ஏசி குழாய் வழியே வார்டுகளுக்கு ஏறி சுமார் 90 பேரைக் கொன்றது.

இதுல வேதனை என்னன்னா, உயரமான கட்டடங்களில் மின் டக்ட்டை ஒவ்வொரு தளத்திலும் எரியாத பொருளால் அடைக்கணும்னு தேசிய கட்டட விதித்தொகுப்பின் 2005 பதிப்பிலேயே இருக்கு!

அடைக்கறதும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. கேபிளைச் சுற்றி ராக்வுல் திணித்து, மேலே தீத்தடுப்புப் பூச்சு. பிவிசி குழாய்னா தீயில உருகி ஓட்டையைத் திறந்து விட்டுடும். அதனால குழாயைச் சுத்தி ஒரு பட்டை கட்டுவாங்க. சூடு பட்டதும் அது பூரி மாதிரி உப்பி, உருகுற குழாயை நெரிச்சு மூடிடும்.

என்னைக் கேட்டா பிரச்சினையே அதுக்கு அப்புறம்தான். ஒழுங்கா அடைச்ச இடத்துல ‘புதுசா ரெண்டு லேன் கேபிள் வேணும்’னு கேக்கறது நாமதான். வர்றவர் அடைப்பைக் குத்தி இழுத்துட்டுப் போயிடுவார். திருப்பி அடைக்கிற வேலை யாரோட டிக்கெட்லயும் இருக்காது. ஓட்டை போட்டவன்தான் மூடணும்ங்கற சின்ன ஒழுக்கம் இல்லாததுக்கு விலை, உயிர்.

எங்க பாலக்கரையிலயும் பழைய ஓட்டு வீடுகள் இருந்த இடத்துல மாடி மேல மாடி ஏறுது. அடுத்த தடவை ஃபிளாட் பாக்கப் போனா, டைல்ஸைத் தட்டிப் பாக்கற கையோட மின் டக்ட் கதவைத் திறந்து அண்ணாந்து பாருங்க. மேல் தளத்து வெளிச்சம் தெரிஞ்சா, புகைக்கும் அதேதான் வழி.