பிளாட்டும் ஸ்வீட்வாட்டரும்: மார்ட்டின் குழு கடந்த இரண்டு ஆறுகள்

மார்மன் குடியேற்ற வரலாற்றில் மார்ட்டின் கைவண்டிக் குழு என்றதும் பேசப்படுவது 1856 நவம்பர் 4. சால்ட் லேக்கிலிருந்து மீட்க வந்த மூன்று இளைஞர்கள் பனிக்கட்டி மிதந்த ஸ்வீட்வாட்டர் ஆற்றில் இறங்கி, குழுவினரைச் சுமந்து அக்கரை சேர்த்தார்கள். அந்தக் குளிரே பின்னாளில் மூவரின் உயிரையும் குடித்தது என்பது கதை. ஆனால் அக்குழுவின் கதியை முடிவு செய்தது ஸ்வீட்வாட்டர் அல்ல, பதினாறு நாள் முன்னதாக நார்த் பிளாட்டைக் கடந்ததே என்பது என் வாதம்.

ஆகஸ்டு இறுதியில், பருவம் தவறி, நெப்ராஸ்காவின் ஃபுளோரன்ஸிலிருந்து கைவண்டிகளை இழுத்துக்கொண்டு சால்ட் லேக் நோக்கிக் கிளம்பிய குழு அது. ஏறத்தாழ 575 பேர். அக்டோபர் 17 அன்று, சுமையைக் குறைக்கப் பெரியவருக்குப் பத்துப் பவுண்டு, குழந்தைக்கு ஐந்து பவுண்டு என்று வரம்பிட்டு, மிஞ்சிய போர்வைகளையும் துணிகளையும் எரித்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து, இன்றைய காஸ்பர் நகருக்கு அருகே பிளாட்டைக் கடந்தார்கள். அப்பகுதியில் சுங்கப் பாலம் இருந்தது. இவர்களோ நீரில் இறங்கினார்கள். குழுவில் இருந்த பேஷன்ஸ் லோடர் தம் நினைவுக்குறிப்பில், நீரோட்டம் வண்டியோடு தங்களைத் துறையிலிருந்து இழுத்துச் சென்றதையும், நீர் அக்குள் வரை ஏறியதையும், கரையில் தாய் அலறியதையும் எழுதுகிறார். கரையேறிய பிறகு தாய் தம் உள்பாவாடையைக் கழற்றி ஒரு மகளுக்கும், ஏப்ரனை இன்னொருத்திக்கும் உடுத்திவிட்டாராம். மாற்று உடை என்று இருந்தது அவ்வளவுதான். அன்றே பனி கொட்டத் தொடங்கியது. அக்டோபர் 28 அன்று மீட்புக் குதிரை வீரர் மூவர் வந்து சேர்வதற்குள் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்திருந்ததாகக் குழுவின் மரபு சொல்கிறது.

ஸ்வீட்வாட்டர் கதையை 2006-ல் வரலாற்றாசிரியர் சாட் ஆர்ட்டன் நுணுகி ஆராய்ந்தார். சுமந்தவர்கள் மூவர் மட்டுமல்லர். பலர் வண்டியிலும் தம் காலாலும் கடந்தார்கள். அந்த மூவரும் 1872, 1883, 1896 ஆகிய ஆண்டுகளில்தான் இறந்தார்கள். இளைஞர்களின் துணிவை இது குறைக்கவில்லை, மிகையை மட்டும் களைகிறது.

நினைவு ஏன் இடம் மாறியது? ஸ்வீட்வாட்டரில் பெயர் சொல்லக்கூடிய வீரர்கள் இருந்தார்கள், காப்பாற்றுதல் இருந்தது. பிளாட்டில் அப்படி எவருமில்லை. அங்கே பேச்செடுத்தால் தாமதமான புறப்பாடும் எரிந்த போர்வைகளும் முன்னால் வந்து நிற்கும், அவற்றுக்குப் பொறுப்பேற்றாக வேண்டியவர்கள் தலைவர்கள். பின்னாளில் திருச்சபையே ஸ்வீட்வாட்டர் கரையில் நிலம் வாங்கி, இளைஞர்களைக் கைவண்டி இழுக்கச் செய்து அந்த நினைவைப் பேணுகிறது.

இதற்கு மறுப்பு எழலாம்: கொன்றது பனிப்புயல்தான், ஆறு அல்லவே? ஆனால் அதே நாளில் அதே பிளாட்டைக் கடந்த ஹாட்ஜெட் மாட்டுவண்டிக் குழுவும் அதே புயலில் சிக்கியது. அங்கே இறப்பு மிகக் குறைவு. அவர்களிடம் கூடுதல் உணவும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் அவர்களில் பெரும்பாலோர் வண்டியில் ஏறிக் கடந்தவர்கள். மாற்றிக்கொள்ள அவர்களிடம் உலர்ந்த துணி இருந்தது.