பழைய கணிப்பொறியும் அயற்பொறித் தொகுப்பியும்

சிங்கப்பூரின் கணிப்பொறி வரலாற்றில் 1981-ஆம் ஆண்டு தனித்துக் குறிக்கத்தக்கது. அவ்வாண்டில் அரசாங்கம் தேசியக் கணினி வாரியத்தை அமைத்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் ஆங் மோ கியோவில் ஆலை திறந்து, ஆப்பிள் 2 பொறிக்கான மின்சுற்றுப் பலகைகளைச் செய்யத் தலைப்பட்டது. ஜூலை முதல் நாளன்று, சைனாடவுனில் பேர்ல்ஸ் சென்டர் என்னும் கட்டடத்தில் சிம் வோங் ஹூ என்ற இளைஞர் கணிப்பொறி பழுது பார்க்கும் சிறு கடை ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் 'சவுண்ட் பிளாஸ்டர்' என்னும் ஒலிப்பலகையால் உலகெங்கும் பெயர் பெற்ற கிரியேட்டிவ் நிறுவனத்தின் பிறப்பு அதுவே. ஆப்பிள் 2-க்கான நினைவகப் பலகை செய்து பழகிய கை, 1984-இல் 'கியூபிக் 99' என்று அப்பொறியை ஒத்த தனிப்பொறி ஒன்றையே செய்தது. 1986-இல் சீன மொழியைக் கையாளும் 'கியூபிக் சிடி' வெளிவந்தது. அது சந்தையில் எடுபடவில்லை. ஆயினும் தன் மொழியைப் பொறிக்குள் ஏற்ற வேண்டும் என்ற எண்ணம் இத்தீவில் அத்துணை முன்னரே அரும்பிவிட்டது என்பதற்கு அது சான்று.

தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு சிராங்கூன் சாலை வழியே நடந்தால் ஜாலான் புசாரை எட்டிவிடலாம். அங்குள்ள சிம் லிம் டவரில் மின்னணு உறுப்புகள் விற்கும் கடைகள் நிறைந்திருந்தன. அதன் அருகில் 1987-இல் சிம் லிம் ஸ்குவேர் எழுந்தது. அதே 1987-இல்தான் சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டமும் நடப்புக்கு வந்தது. அதற்கு முற்பட்ட ஆண்டுகளில் ஆப்பிள் 2-இன் நகற்பொறிகள் மலிவாகக் கிடைத்தன. மூலப்பொறி வாங்க வசதியற்ற மாணவர் பலர் அவற்றிலேதான் கணிப்பொறி பயின்றனர். அறமா இல்லையா என்ற வழக்கு ஒருபுறம் இருக்க, ஒரு தலைமுறை கற்ற பள்ளி அதுதான்.

அப்பொறிகளின் உள்ளுறுப்பு என்ன? பெரும்பாலும் 6502 என்னும் சில்லு. மாஸ் டெக்னாலஜி நிறுவனம் 1975-இல் இருபத்தைந்து டாலருக்கு விற்ற சில்லு அது. ஆப்பிள் 2, பிரிட்டனின் பிபிசி மைக்ரோ ஆகியவற்றில் அதுவும், 1982-இல் வந்த கமடோர் 64-இல் அதன் நெருங்கிய உடன்பிறப்பான 6510-உம் இருந்தன. சைலாக் நிறுவனத்தின் இசட்80 சில்லு ஸ்பெக்ட்ரம் போன்றவற்றில் இருந்தது.

இச்சில்லு அறிவது எண் ஒன்றையே. 169, 65 என்று அடுத்தடுத்து இரண்டு எண்களைக் கொடுத்தால், 65 என்னும் மதிப்பைத் தன் திரட்டியில் ஏற்றிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான எண்களை மனிதன் பிழையின்றி எழுதுவது அரிது. ஆகவே 169-க்கு ஈடாக 'எல்டிஏ' என்று ஒரு சுருக்கச் சொல் வைத்தார்கள். அச்சொல்லை எண்ணாக மாற்றித் தரும் நிரல் அசெம்பிளர் எனப்படும். தமிழில் தொகுப்பி எனலாம். இதன் வேர் பழையது. லண்டன் பிர்க்பெக் கல்லூரியில் கேத்லீன் பூத் அம்மையார் 1947 அளவிலேயே இத்தகைய குறியீட்டு முறைக்கு வழி வகுத்தார். கேம்பிரிட்ஜில் 1949-இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் பொறிக்கு டேவிட் வீலர் எழுதிய தொடக்கக் கட்டளைகள், எழுத்துக் குறியைப் பொறியே எண்ணாக மாற்றிக்கொள்ளச் செய்தன. ஆயினும் தொகுப்பி இருந்தும் அதற்குக் காசில்லாமற் போனவர் உண்டு. ஆப்பிளின் ஸ்டீவ் வோஸ்னியாக் தம் பேசிக் மொழியைத் தாளில் எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய எண்ணைக் கையாலேயே கண்டு குறித்தவர்!

சிறு பொறிக்கு வேண்டிய எண்களைப் பெரிய பொறியில் வைத்துத் தொகுத்தால் என்ன? இதுவே கிராஸ் அசெம்பிளர் என்பதன் கரு. இங்கே அது அயற்பொறித் தொகுப்பி எனப்படும். 1975-இல் பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேர் என்னும் பொறிக்கு பேசிக் மொழி ஆக்கியபோது அவர்களிடம் ஆல்டேர் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பிடிபி-10 என்ற பெரும்பொறியில் எழுதி, அதிலேயே ஆல்டேரைப் போலி செய்து சோதித்தார்கள். தச்சன் தன் பட்டறையில் கதவு செய்து, காணாத வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொருத்தியது போன்றது இது.

வீட்டுக் கணிப்பொறிக்குள்ளேயே இயங்கிய தொகுப்பிகளும் இருந்தன. கிளென் பிரெடன் என்னும் கணிதப் பேராசிரியர் ஆப்பிள் 2-க்கு எழுதிய 'மெர்லின்' அவற்றுள் சிறந்தது. ஆனால் 64 ஆயிரம் பைட் நினைவகத்தில் மூல உரை, தொகுப்பி, விளைந்த நிரல் மூன்றும் குடியிருக்க வேண்டும். எழுதிய நிரலில் ஒரு பிழை நேர்ந்து பொறி நின்றால், மூல உரையும் அதனோடு போயிற்று. ஆகையால் பழம்பொறிக்கு இன்று நிரல் எழுதுவோர் பெரும்பாலும் புதுப்பொறியில் அமர்ந்து, அயற்பொறித் தொகுப்பியையே நாடுகின்றனர்.

எதைத் தேர்வது? மாத்யூ டில்லன் 1980-களின் இறுதியில் ஆக்கிய 'டாஸம்', அட்டாரி 2600 அன்பர்களின் பழங்கருவி. 'ஏக்மி' எளியது, ஒற்றைக் கோப்பில் எழுதும் சிறு நிரலுக்கு அதுவே போதும். 'சிஏ65' பல கோப்புகளைத் தனித்தனியே தொகுத்துப் பின்னர் இணைக்கும், பெருநிரலுக்கு உகந்தது. 'கிக் அசெம்பிளர்' ஜாவாவில் ஓடுவது. '64டாஸ்' கமடோர் 64-இன் பழைய டர்போ அசெம்பிளர் நடையைத் தழுவியது. இசட்80 சில்லுக்கு 'பாஸ்மோ', 'எஸ்ஜேஏஎஸ்எம் பிளஸ்' முதலியன உண்டு.

இவற்றுக்கிடையே வட்டார வழக்கு வேறுபாடு உண்டு என்பது தமிழாசிரியர்க்கு வியப்பூட்டாது. ஓர் எண்ணை அப்படியே பதிக்கச் சொல்ல, சிஏ65-இல் 'பைட்' என்னும் சொல்லின் முன் புள்ளி வைக்க வேண்டும், ஏக்மியில் வியப்புக்குறி, மெர்லினில் 'டிஎஃப்பி' என்பது வேறொரு சொல். சில்லு ஒன்றே, அதனிடம் பேசும் பேச்சு ஊருக்கு ஊர் வேறு. 2012-இல் ஜோர்டன் மெக்னர் என்பாரின் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' விளையாட்டின் மூல உரை, தொலைந்தது என்று கருதப்பட்டிருந்த வட்டுகளிலிருந்து மீட்கப்பட்டது. 1989-இல் வெளிவந்த அவ்விளையாட்டு மெர்லின் வழக்கில் எழுதப்பட்டிருந்தது. அதனை மீண்டும் தொகுக்க வேண்டுமாயின் மெர்லின் வழக்கை அறிந்த கருவி வேண்டும். இல்லையேல் வரி வரியாகப் பெயர்க்க வேண்டும். அந்தப் பழைய வழக்கை இன்றைய பொறியில் படிக்கும் 'மெர்லின் 32' இதற்கெனவே பயன்படுகிறது.

நுட்பமான இடர் இன்னொன்று உண்டு. 6502-இல் முதல் 256 நினைவிடங்கள் தனிச்சலுகை பெற்றவை. அங்குள்ளதை எடுக்கும் கட்டளை 165. அதற்கு இரண்டு பைட், மூன்று துடிப்பு. பிற இடங்களுக்கு 173. மூன்று பைட், நான்கு துடிப்பு. எழுதும் சொல்லோ இரண்டுக்கும் 'எல்டிஏ'தான். பெயர் ஒன்றைப் பின்னால் வரையறுத்து முன்னால் பயன்படுத்தினால், ஒரே முறை படிக்கும் சிஏ65 அதை நீண்ட வடிவாகவே கொள்ளும். பலமுறை படிக்கும் 64டாஸ் குறுகிய வடிவைக் கண்டுகொள்ளும். பழைய நிரலை ஒரு பைட்டும் பிசகாமல் மீட்க முயல்வோர்க்கு இது சிறு செய்தி அன்று. ஒரு பைட் நீண்டால் அதன் பின்னுள்ள முகவரிகள் எல்லாம் தள்ளிப்போகும்.

இனித் தமிழுக்கு வருவோம். எழுத்தாளரும், தேசியக் கல்விக் கழகத்தின் தமிழ் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' என்னும் தமிழ் மென்பொருளை ஆக்கினார். 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது தமிழும் உடன் நின்றதற்கு அவர் உழைப்பு காரணம். 1997 மே 17, 18 ஆகிய நாட்களில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நெட் 97 மாநாடு கூடியது. அங்கும், 1999-இல் சென்னை மாநாட்டிலும் அறிஞர்களை வருத்திய கேள்வி ஒன்றே: 256 இடங்களுள் ஆங்கிலத்துக்கு 128 போனால், எஞ்சிய 128-இல் தமிழை எப்படி அடக்குவது? கோவிந்தசாமி 1999-இல் மறைந்தார். மறு ஆண்டு சிங்கப்பூரில் கூடிய மாநாட்டில் உத்தமம் என்னும் அமைப்பு உருவாயிற்று.

அதே கேள்வியைக் கமடோர் 64-உம் கேட்கிறது. அதன் எழுத்துத் தொகுதியில் 256 கட்டங்கள்; ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுப் புள்ளி. உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய், புள்ளி பெற்ற மெய், இகர, ஈகார, உகர, ஊகார வடிவங்கள் பதினெட்டுப் பதினெட்டாக 108, துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்குறி ஆகிய நான்கு: ஆக 125 வடிவங்கள். எட்டுப் புள்ளி அகலத்தில் 'ணூ' அடங்காது. எல்லாவற்றுக்கும் இவ்விரண்டு கட்டம் கொண்டால் 250. இடவெளி, முற்றுப்புள்ளி, காற்புள்ளி முதலியவற்றுக்கு ஆறு கட்டம் மிஞ்சும்! 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் தனி வடிவங்கள் ஏழையும் சேர்த்தால் 132 வடிவங்கள், 264 கட்டங்கள்; தொகுதியே வழிந்துவிடும். பெரியாரின் சீர்திருத்தம் அச்சுக்கூடத்துக்கு மட்டும் உதவியது என்று எண்ணுவோர் இக்கணக்கைப் பார்க்கலாம். க, கி, கீ போன்றவற்றின் இடப்பாதியைப் பொதுவாக வைத்துக்கொண்டு இன்னும் மிச்சம் பிடிக்கவும் கூடும். கிரந்த எழுத்துக்கும் எண்ணுக்கும் அவ்வாறுதான் இடம் தேட வேண்டும்.

இவ்விடத்தில் தொகுப்பித் தேர்வு வெறும் சுவை வேறுபாடாய் நிற்பதில்லை. இன்றைய கோப்பில் 'கொ' என்பது ககரமும் ஒகரக்குறியுமாக இரண்டு குறியீடு, யுடிஎஃப்-8 முறையில் ஆறு பைட். திரையிலோ கொம்பு, ககரம், கால் என்ற வரிசை வேண்டும். ஏக்மியும் சிஏ65-உம் தரும் எழுத்து அட்டவணை ஒரு பைட்டுக்கு ஒரு பைட்டையே மாற்றும். அவற்றைக் கொள்வோர் தமிழ் உரையைக் கட்ட எண்களாக்கும் சிறு நிரல் ஒன்றைத் தாமே எழுதிக்கொள்ள வேண்டும். 64டாஸில் எழுத்துக்கோவை ஒன்றுக்கு ஈடாகப் பல பைட்டுகளை வரையறுத்துக்கொள்ளலாம். கோவைகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கினால் நீண்டதையே அது முதலில் கொள்ளும். ஆகவே 'க'வுக்கும் 'கொ'வுக்கும் தனித்தனி வரி எழுதிவிட்டால், ககரத்தில் மயங்காமல் 'கொ'வை முழுதாக எடுத்து, கொம்பு, ககரம், கால் மூன்றுக்கும் உரிய ஆறு கட்ட எண்களையும் முறையே வைக்கும். நாற்பது கட்டம் கொண்ட ஒரு வரியில் இருபது வடிவங்கள் நிற்கும். 'சிங்கப்பூர்' என்னும் சொல்லுக்கு அவற்றுள் ஆறு போதும்.