கீரைக்குப் படி உண்டா?

பாக் நீரிணைக் கரையில், புதுக்கோட்டை மாவட்டத்தின் வடகிழக்குக் கோடியில் உள்ள ஊர் கட்டுமாவடி. இதுபோன்ற கடலோர ஊரின் கடைத்தெருவில் சற்று நின்று பாருங்கள். அரிசி கிலோவில் போகிறது. எண்ணெய் லிட்டரில் போகிறது. மீன் தராசிலும் ஏறும், கூறு வைத்தும் விற்கும். கீரை மட்டும் கட்டுத்தான். ஒரு கட்டு எத்தனை கிராம் என்று கேட்டால் விற்கிற அம்மாளுக்குச் சிரிப்பு வரும்.

ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் கீரை என்கிறது. நம் சமையலறையில் இருப்பதோ டம்ளரும் கைப்பிடியும். கிராமை டம்ளராக மாற்றுவது எப்படி?

நம் முன்னோர் பெரும்பாலும் முகந்தே அளந்தார்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி. நெல் அளக்கும்போது ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று தொடங்குவதை உங்கள் தாத்தா சொல்லியிருப்பார். தஞ்சைப் பெரிய கோயிலில் மரக்காலுக்கே ‘ஆடவல்லான்’ என்று இறைவன் பெயர் இட்டிருந்தார்கள்.

இப்போது 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் வரகுணனின் அம்பாசமுத்திரம் கல்வெட்டைப் பாருங்கள். கோயில் அமுதுக்கு அரிசி நாழிக் கணக்கில் வருகிறது; நெய்யும் தயிரும் முகத்தலளவையில் வருகின்றன. கறிக்கு வந்ததும் கணக்கு மாறிவிடுகிறது: அது பலம், அதாவது நிறுத்தல். கறியை நாழியால் அளந்தால் மடைப்பள்ளியில் தகராறு ஓயாது என்று அவர்கள் கண்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். (பிற்காலத்தில் சென்னை ராஜதானியில் ஒரு பலம் 3 தோலா, சுமார் 35 கிராம், 40 பலம் ஒரு வீசை.)

படியும் ஊருக்கு ஊர் வேறுபட்டது. சின்னப்படி, பெரியபடி, பட்டணம்படி. போதாக்குறைக்குத் தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்ற வழக்கு வேறு. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு முடிவு கட்டியது. 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தன. குன்னூரில் 1918-இல் சிறியதாகத் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் ஐதராபாத்துக்குப் பெயர்ந்ததும் அதே 1958-இல்தான்.

சட்டம் படியைத் திருத்தியது. இலையைத் திருத்த முடியுமா? ஒரு லிட்டர் படியில் அரிசி சுமார் 800 கிராம் பிடிக்கும். யார் அளந்தாலும் அதிக வித்தியாசம் இராது. பாலக் கீரையைத் தளர நிரப்பினால் அதே படியில் 125 கிராம்தான். முருங்கைக்கீரை நூறு கிராமுக்கும் குறைவு. மீதி இடமெல்லாம் காற்று! இலைகளுக்கு நடுவே மட்டுமல்ல, இலைக்குள்ளும் காற்றறைகள் உண்டு. இலையை விறைப்பாக நிறுத்துவது உயிரணுக்களுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம். சூடு பட்டதும் உயிரணுச் சவ்வு சிதைகிறது, நீர் கசிகிறது, காற்று வெளியேறுகிறது, இலை படுத்துவிடுகிறது. வெந்து நீர் வடிந்த பாலக், அதே லிட்டர் படியில் ஏறக்குறைய 750 கிராம் பிடிக்கும். ஆறு மடங்கு! கூடை நிறைய வாங்கியது கரண்டியளவாயிற்றே என்று பாட்டிமார் அலுத்துக்கொள்வதன் கணக்கு இதுதான். குறைந்தது பெரும்பாலும் இடம், எடையன்று.

ஆகவே 200 மில்லி டம்ளரில் பச்சைப் பாலக் நான்கு டம்ளர். வெந்ததென்றால் அரை டம்ளருக்குச் சற்று மேல். ஒரு டம்ளர் பச்சை இலையைக் கிள்ளிப் போட்டு ‘இன்றைக்குக் கீரை சாப்பிட்டாயிற்று’ என்பவர் உண்டது கால் பங்குதான்.

இந்த எண்கள் பாலக்குக்கு உரியவை. உங்கள் தெருவில் கிடைக்கும் அரைக்கீரைக்கும் சிறுகீரைக்கும் நீங்களே கண்டுபிடிக்கலாம். கட்டை வாங்கியதும் மளிகைக்கடைத் தராசில் நிறுங்கள். வேரையும் முற்றிய தண்டையும் நீக்கி மறுபடி நிறுங்கள். இலையை டம்ளரால் அளந்து எழுதிவையுங்கள். வெந்த பிறகும் அளந்து எழுதுங்கள். விடிந்ததும் வாங்கிய கட்டுக்கு ஒரு முறை, வெயிலில் வாடிய கட்டுக்கு ஒரு முறை.