முந்நீரில் இருவர்

கடல் கடந்து போகிறவன் பெண்ணை உடன் அழைத்துப் போகும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பிய அகத்திணையியல் ஒரே வரியில் சொல்லி நகர்ந்துவிடுகிறது. வகுப்பில் இந்த நூற்பாவுக்கு வரும்போதெல்லாம் மாணவிகள் ஏன் என்று கேட்கிறார்கள். அந்த விடையை உரைகளில் தேடுவதைவிடப் படகுகளில் தேடுவது பயன் தரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் கணவனும் மனைவியும் மட்டுமாகப் பாய்மரப் படகில் உலகம் சுற்றும் பழக்கம் மேற்கே வளர்ந்தது. ஆங்கிலேயர்களான எரிக், சூசன் ஹிஸ்காக் இணையர் 30 அடி நீளப் படகொன்றில் 1952 முதல் 1955 வரை உலகைச் சுற்றி வந்தார்கள். 1968இல் 49 அடி எஃகுப் படகுக்கு மாறினார்கள். பிறகு அது இரண்டு பேருக்குப் பெரிது என்று கண்டு 39 அடிக்கு இறங்கினார்கள். எரிக்குக் கண்பார்வை மிகவும் குறைவு. ஆனாலும் கடலோடிகள் பாடமாகப் படித்த அந்த நூல்களின் அட்டையில் எரிக் பெயர் மட்டும்தான்.

படகின் கணக்கு ஏமாற்றக்கூடியது. 30 அடி 40 ஆனால், நீளம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. அதே வடிவில் எடையோ இரு மடங்கைத் தாண்டிவிடும். காற்றின் வேகம் இரட்டித்தால் பாயின் மீது அழுத்தம் நான்கு மடங்காகிறது. ஆகவே பெரிய படகை இரண்டு பேரிடம் கொடுக்க வேண்டுமென்றால் கைவலுவை நம்பிப் பயனில்லை. கயிற்றை இழுக்க வின்ச், முன்பாயைச் சுருட்டும் உருளை, தானே திசை காக்கும் சுக்கான், ஒரே பெரிய பாய்க்குப் பதில் பிரித்துக் கட்டிய சிறு பாய்கள் என்று ஏற்பாடுகள் வேண்டும்.

‘ஒரு தம்பதி எளிதாகக் கையாளக்கூடிய படகு’ என்று விற்பவர்கள் சொல்வார்கள். ‘பெண்ணாலும் முடியும்’ என்பதே அதன் உள்ளுறை. ஆணின் வலு கேள்விக்கு அப்பாற்பட்டது; சோதிக்கப்பட வேண்டியவள் அவள்தான். ஆனால் இருவர் மட்டும் போகிற படகில் ஒருவர் தூங்கும்போது மற்றவர் காவல் இருக்கிறார். நள்ளிரவில் மேல்தளத்தில் ஒரே ஓர் ஆள். அப்படியானால் இருவர் படகு என்பது உண்மையில் ஒருவர் படகுதான், மாறி மாறி. அவர் காய்ச்சலில் விழுந்தால், அல்லது கடலில் விழுந்தால்?

1934இல் காலாபகசில் இது நடந்தது. அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சனுக்கு அவருடைய 32 அடிப் படகில் குடல்வால் வெடித்தது. உடனிருந்தவர்கள் மனைவி புளோரன்சும் உறவினர் ஒருவரும். பனாமாவிலிருந்து கடற்படை வந்துதான் அவரைக் காப்பாற்றியது. இதே ராபின்சன்தான் பின்னர் வல்வெட்டித்துறையில் தமிழர் கட்டிய 89 அடி ‘அன்னபூரணி’யை வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் செலுத்திக்கொண்டு 1938இல் மாசசூசெட்சின் குளோஸ்டர் துறைமுகம் சேர்ந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது அதன் பெயர் ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’. அம்மன் பெயர் போய் மனைவி பெயர் வந்தது. படகுக்குப் பெண் பெயர் வைப்பதில் மட்டும் இரு கரைக்கும் வேறுபாடில்லை.

அருவங்காட்டில் கடல் இல்லை. நூறாண்டு கடந்த கார்டைட் ஆலை இருக்கிறது. அதனால் கடற்படை ஆயுத ஆய்வுப் பிரிவு என்ற சொல் இங்கே யாருக்கும் புதிதல்ல. புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி அந்தப் பிரிவின் அதிகாரி. கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா கடற்படையின் தளவாடப் பிரிவு. இருவரும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து ‘தாரிணி’யில் புறப்பட்டார்கள்.

தாரிணி 56 அடி. ஹிஸ்காக் இணையர் பெரிது என்று விட்ட படகைவிட 7 அடி அதிகம். 2017–18இல் வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண்கள் இதே படகில்தான் உலகைச் சுற்றினார்கள். ஆறு பேர் செய்ததை இரண்டு பேர் செய்வது துணிச்சலால் மட்டும் ஆகிற காரியமல்ல. தனியாக உலகைச் சுற்றிய அபிலாஷ் டோமியிடம் பயிற்சி பெற்றார்கள். ஆறு பேர் குழுவில் கேப் டவுன், ரியோ வரை போய்வந்தார்கள். பிறகு இருவர் மட்டுமாகப் போர்ட் பிளேருக்கும் மொரீஷியசுக்கும். கப்பலின் ஒவ்வொரு கயிறும் இருவர் கைக்கும் பழகிய பின்பே பெரும்பயணம்.

ஃப்ரீமான்டில், லிட்டெல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன். நடுவே பிப்ரவரியில் கேப் ஹார்ன் முனை. 25,000 கடல் மைலுக்கு மேல் காற்றை மட்டுமே நம்பிப் போய், 2025 மே 29 அன்று கோவா திரும்பினார்கள். அந்த எட்டு மாதங்களிலும் ஒருத்தி தூங்க மற்றவள் விழித்திருந்தாள். யார் ஆண், யார் உதவியாள் என்ற பிரிவினைக்கு அங்கே இடமே இல்லை.

மீகாமன் என்ற சொல்லுக்குப் பெண்பால் வடிவத்தை நான் எந்த நூலிலும் கண்டதில்லை. ‘மீகாமி’ என்று ஒரு மாணவி விடைத்தாளில் எழுதியிருந்தாள். மதிப்பெண் குறைக்கவில்லை.