பல்கலைக்கழக வாசலும் வன்னி மாணவனும்

ஒரு நாட்டின் உயர்கல்வி வாசலிலே எந்த மொழி காவல் நிற்கின்றது என்று நோக்கினால், அந்நாட்டில் அதிகாரம் எவர் கையில் இருக்கின்றது என்பது புலனாகும். இலங்கையின் கல்வி வரலாறு இதற்குத் தக்க சான்று. அவ்வரலாறு பெரும்பாலும் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் நடுவாகக் கொண்டே பேசப்படுகின்றது. வன்னி மண்ணில் நின்று நோக்குவோமாயின் அதன் தோற்றம் வேறாகும்.

ஆங்கிலேயர் ஆட்சியிலே பாடசாலைகள் இருவகைப்பட்டன. சுயபாஷைப் பாடசாலையில் கட்டணமில்லை; ஆனால் அதில் மட்டும் படித்தவனுக்கு உயர் உத்தியோகமும் மேற்படிப்பும் எட்டாக்கனி. ஆங்கிலப் பாடசாலையில் அவ்வழி திறந்திருந்தது. ஆனால் கட்டணம் கட்ட வேண்டும். 1880இல் கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் இலங்கைக்கு வந்தன. 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியபோது, அதன் மாணவர் இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கே தோற்றினர். ஆங்கிலம் அறியாதவன் வினாத்தாளை வாசிக்கவும் இயலாத நிலை அது.

யாழ்ப்பாணக் குடாநாடு இதற்கு முன்னரே ஆயத்தமாகியிருந்தது. 1823இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையிலே செமினரியை நிறுவினர். பின்னர் சைவர்களும் தமக்கென ஆங்கிலக் கல்லூரிகளை எழுப்பினர். கொழும்பிலும் மலாயாவிலும் உத்தியோகம் பார்க்கும் மத்தியதர வர்க்கம் ஒன்று அங்கே வளர்ந்தது. வன்னியிலோ குளத்தையும் வயலையும் நம்பிய சிதறிய கிராமங்கள், இடையே காடு, ஆண்டுதோறும் மலேரியா. 1930களில் இரணைமடுவின் கீழ்க் கிளிநொச்சியிலே குடியேற்றங்கள் தொடங்கியபோது, குடாநாட்டில் நிலமற்றோர் பலர் அங்கு வந்து காடு வெட்டினர். நிலம் கிடைத்தது, ஆங்கிலக் கல்லூரி கூடவே வரவில்லை.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக்கல்வி நடைமுறைக்கு வந்தது. கட்டணம் என்னும் தடை அகன்றது. மொழி என்னும் தடை நின்றது. 1960இல் கலைத்துறையில் தமிழும் சிங்களமும் போதனாமொழிகளாயின. மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்திலேயே தங்கின. சிங்களக் கிராமங்களிலிருந்து பேராதனைக்கு வந்த மாணவரும் இத்துன்பத்தை அறிவர். ஆங்கிலத்துக்குப் பல்கலைக்கழகப் பேச்சுவழக்கிலே ‘கடுவ’, அதாவது வாள், என்று பெயர் வழங்கிற்று. உழைப்பாளியின் மகன் எம்மொழி பேசினாலும் அவ்வாளின் கூர்மை ஒன்றே.

ஆனால் இன ஒடுக்குமுறை இப்பொதுத் துன்பத்தைப் பிளந்தது. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. 1971இல் மருத்துவத்துறைக்குத் தெரிவாகத் தமிழ்மொழி மாணவனுக்கு 250 புள்ளிகள் வேண்டியிருக்க, சிங்களமொழி மாணவனுக்கு 229 போதுமானதாயிற்று. அதுவரை வாசலில் நின்றது ஆங்கிலம். இப்பொழுது தமிழிற் பரீட்சை எழுதியதே குறையாக எண்ணப்பட்டது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இங்கேதான் வன்னியின் முரண்பட்ட நிலையை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மொழிவழித் தரப்படுத்தல் வவுனியா மாணவனையும் தாக்கியது. மாவட்ட ஒதுக்கீடோ பின்தங்கிய வவுனியாவுக்கும் மன்னாருக்கும் ஒரு கதவைத் திறந்தது. அதே வேளையில், 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்துள் அடங்கியிருந்த கிளிநொச்சியின் மாணவன், குடாநாட்டின் பெருங்கல்லூரிகளோடு போட்டியிட நேர்ந்தது. தமிழர் என்னும் ஒரே சொல்லுக்குள்ளே நகரமும் கிராமமும், உத்தியோகத்தன் மகனும் கமக்காரன் மகனும் இருக்கின்றனர் என்பதை மறந்து இவ்வரலாற்றை எழுத இயலாது.

இன்று விஞ்ஞானத் துறைகள் பெரும்பாலானவற்றில் அனுமதி, நாடளாவிய திறமைக்கு 40, மாவட்டங்களுக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 சதவீதம் என்று பகிரப்படுகின்றது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளன. உயர்தரப் பரீட்சையின் பொது ஆங்கிலம் இசட் புள்ளியிற் சேர்வதில்லை. ஆகவே வாசலிலே ஆங்கிலம் இல்லை. அது உள்ளே காத்திருக்கின்றது. போருக்குப் பின்னர் கிளிநொச்சி அறிவியல்நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் எழுந்தது. 1997 முதல் வளாகமாக இருந்த வவுனியா, 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இரண்டிலும் போதனாமொழி ஆங்கிலமே. பௌதிகத்தையும் கணிதத்தையும் தமிழிற் கற்று, தமிழில் எழுதித் தேறிய மாணவன், தன் சொந்த மண்ணில் எழுந்த விரிவுரை மண்டபத்திலேயே அந்நியனாக அமர்கின்றான். 2009 வரை இடம்பெயர்ந்து, மரநிழலிலும் முகாமிலும் படித்த பிள்ளைகளுக்கும், தனியார் வகுப்புக்குப் பணம் கட்டக்கூடிய நகரத்துப் பிள்ளைகளுக்கும் அதே விரிவுரை, அதே வினாத்தாள்.

ஆங்கிலத்தை வெறுப்பதால் இதற்குத் தீர்வு வராது. உலக அறிவின் பெரும்பகுதிக்கு அது இன்று திறவுகோல். அத்திறவுகோலைக் கொடாமலே பூட்டைத் திறக்கச் சொல்வதுதான் அநீதி. தமிழில் உயர் விஞ்ஞானம் கற்பிக்க இயலாது என்பாருக்கும் வரலாறு விடை தந்திருக்கின்றது: 1860களிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்தார், அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார்.

ஆகவே கோரிக்கைகள் இரண்டு. விசுவமடுவிலும் துணுக்காயிலும் உள்ள பாடசாலைகளில் தகுதியுள்ள ஆங்கில ஆசிரியர் நிலைத்துப் பணியாற்ற வேண்டும். அதற்கான வீடும் வசதியும் அரசின் கடமை. பல்கலைக்கழகப் பாடங்களுக்குத் துணைநூல்கள் தமிழிலும் வேண்டும். ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்விரண்டையும் ஒருங்கே கேட்டாலன்றி, ஒதுக்கீட்டினால் உள்ளே வந்தவன் மொழியினால் வெளியே தள்ளப்படும் கதை தொடரும்.